கழுவாமல் விட்ட குழாய்

இன்று பெருநாள். அடுப்பில் மாட்டெலும்பு சூப் கொதிக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அது பசி வாசனை. எனக்கு மட்டும் மாத்தளையில் நீயும் நானும் வேலை செய்த ஆய்வுகூடத்து வாசனை. கிருமி வளர்க்க இறைச்சிச் சாறு காய்ச்சிய நாட்கள்! யாழ்ப்பாணத்துச் சுத்த சைவக்காரன் நீ, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பானையருகே நிற்பாய். நோன்பு மாதத்தில் அந்த வேலையை என்னிடம் தரவே மாட்டாய். "வெறும் வயித்தோட இந்த மணத்துக்குள்ளை நிக்கப் போறீரோ? தள்ளி நில்லும் காணும்" என்பாய். சம வயது, சம சம்பளம். ஆனாலும் கடைசிவரை நான் உனக்கு 'நீர்'தான், 'நீ' ஆகவேயில்லை.

அப்படியொரு நோன்பில்தான் அலுவிகாரைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அந்த மல மாதிரிகள் சோதனைக்கு வந்தன. தோட்டத் துரையின் பங்களாவில் கூண்டில் வளர்ந்த குரங்குகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு செத்தும் போயின. கூண்டு கழுவும் முனியாண்டியின் மகளுக்கும் அதே நேரத்தில் வயிற்றோட்டம். பிள்ளையிடமிருந்துதான் தொற்றியது என்று துரை முடிவே கட்டிவிட்டார். இரண்டும் ஒரே கிருமி என்று நாம் எழுதினால் முனியாண்டியின் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். முனியாண்டி நம் வாசலில் வந்து நின்றான். "புள்ள பொழச்சுக்கிருச்சுங்க ஐயா. இப்ப வெரட்டினா நாங்க எங்கங்க போவோம்?"

குரங்கின் கிருமியையும் பிள்ளையின் கிருமியையும் தனித்தனியே வளர்த்து, பலவகைச் சர்க்கரை கலந்த சிவப்பு நீர்க் குழாய்களில் விட்டோம். கிருமி சர்க்கரையைத் தின்றால் சிவப்பு மஞ்சளாகும். இரண்டாம் நாள் மாலை இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருந்தன. எனக்கோ தொண்டை வறண்டு கிடந்தது. நோன்பு திறக்க அரை மணி நேரம்தான். "ரெண்டும் ஒண்டுதான் மச்சான், எழுது" என்று சொல்லிக் குழாய்களைக் கழுவும் வாளிக்குக் கொண்டு போனேன். நமக்குக் குழாய்த் தட்டுப்பாடு வேறு.

நீ குறுக்கே வந்தாய். "பொறும் காணும். பால்சர்க்கரையை மெள்ளத் தின்கிற கிருமியும் இருக்கு. இதிலை ஒரு குடும்பத்தின்ரை சோறெல்லோ கிடக்கு." கையிலிருந்த குழாய்த் தாங்கியைப் பிடுங்கியே விட்டாய். எனக்கு வந்த கோபம்! நோன்பு திறக்க உன்னைக் கூப்பிடாமல் தனியே போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் பால்சர்க்கரைக் குழாய் மஞ்சளாகியிருந்தது. குரங்குகளுடையது சிவப்பாகவே நின்றது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தோம், அதே முடிவு. வேறு வேறு கிருமிகள். அறிக்கையைப் பார்த்த துரை முனியாண்டியை வேலையிலேயே இருக்க விட்டார். நான் செய்யவிருந்த காரியத்தை நினைத்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நீ காலமாகி ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் கல்யாணம் நடந்தது. போயிருந்தேன். மனம் கேட்காமல், அந்த வாளிக் கதையை முனியாண்டியிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"என்னங்க இப்புடிச் சொல்றீங்க? கொழாயக் கழுவ விடாம வச்சிருந்ததே நீங்கதான்னு அந்த ஐயா அப்பவே சொன்னாருங்களே! அதனாலதான் மொதப் பத்திரிகைய ஒங்களுக்குக் கொண்டாந்தேன்."

அடப் பாவி! இத்தனை வருடமும் நீ எனக்குச் சொல்லாமல் கொடுத்த நல்ல பெயரில்தான் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

சூப்புப் பானையை இறக்க மகள் துணியை எடுக்கிறாள். "பொறும் காணும்" என்கிறேன். வாப்பாவின் வாயில் யாழ்ப்பாணத்துப் பேச்சு என்று வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். நீ தந்த பெயருக்கு ஏற்றவனாக வேண்டாமா? அதற்காகத்தான் இப்போதெல்லாம் எதிலும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.