வலது காலுக்கு வந்த கார்

14 செப்டம்பர் 2007, வெள்ளி

ஓசூர் ஷோரூமிலிருந்து இன்று என் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. என்னால் ஓட்ட முடியாத கார்.

போலியோவில் சூம்பியது என் இடது கால். அதனால் கிளட்சைக் கையால் இயக்கும்படி மாற்றித் தரச் சொல்லித்தான் பதிவு செய்திருந்தோம். அவர்கள் வலது கால் என்று நினைத்து, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கிளட்ச் காலடியிலேயே இருக்கிறது.

ஷோரூம் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.

"எனக்கு முடியாதது இந்தக் கால் இல்லைங்க" என்றேன். மேனேஜர் முகம் மாறிவிட்டது.

"தப்பு எங்களுதுதான் மேடம். மாத்தணும்னா மறுபடி பெங்களூர் அனுப்பணும். எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க. சாதாரண பெடலும் இருக்குது, சார் ஓட்டலாமே?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"பூஜை போட்ட வண்டியத் திருப்பி அனுப்ப வேணாம். நான் இருக்கறேன்ல, உன்னக் கூட்டிட்டுப் போக மாட்டனா?"

"நானே ஓட்டணும்னுதானே வாங்கினோம்?"

"அதுக்கென்னம்மா" என்று சிரித்தார்.

என் ஊன்றுகோலை வாங்கிப் பின்சீட்டில் பத்திரமாக வைத்தார். நான் உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு அன்பாக இருப்பவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

நாளைக் காலை என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவாராம். மாலையில் அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை செக்யூரிட்டி ரூமில் உட்கார்ந்திருக்கச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன்.