அக்கா பிள்ளைக்குப் பால் மறக்கடித்தது

ஜூன் 3, செவ்வாய்

இன்று அக்கா வந்து குட்டானை அழைத்துப் போனாள். அவள் பிள்ளை, அவள் வீடு. இதில் எழுத என்ன இருக்கிறது?

அவன் பிறந்த வாரமே அக்காவுக்கு இதயம் தளர்ந்துபோனது. பிள்ளையைத் தூக்கக் கூடாது, பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். என் மகள் வாலு அப்போது பால்குடி மறக்கவில்லை. எனக்குப் பால் இருந்தது, அதனால் அவன் என்னிடம் வந்தான். தம்பியைப் பார்த்ததும் வாலு, "எனக்கு வேணாம், பாப்பாவுக்குக் குடு" என்று தானாகவே விட்டுக்கொடுத்தாள். இப்போது அவனுக்குப் பல் முளைக்கிறது. அக்காவுக்கும் உடம்பு தேறிவிட்டது.

"கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாமே அக்கா. சாயங்காலம் மட்டும் நான் வந்து..."

"வேணாம்டி. நீ வந்துட்டுப் போயிட்டு இருந்தா அவன் என்கிட்ட ஒட்டவே மாட்டான். ஒரேயடியா நிறுத்திடலாம். கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத."

சரி என்றேன். மாமா பையைத் தூக்கிக்கொண்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஜூன் 4, புதன்

கல். நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் என்று சும்மாவா சொல்கிறார்கள். எனக்கு இரண்டு.

கண்ணாடிக் கடைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் மேல் குனிந்தால் விளிம்பு இடிக்கிறது. கையை நீட்டித் தள்ளி நின்றே வேலை பார்த்தேன். "என்ன, மிஷின் கடிக்குதா?" என்றார் முதலாளி. ஆமாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

குப்புறப் படுக்க முடியவில்லை. மல்லாந்தும். ஒருக்களித்தும். வேறு எப்படித்தான் படுப்பது?

ஜூன் 6, வெள்ளி

செவிலியரிடம் போனேன். துணியால் இறுகக் கட்டியிருந்ததைப் பார்த்து அதட்டினார்.

"முதல்ல இதை அவுருங்க. கட்டினா பால் கட்டிக்கும். தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போதும், இறுக்கமா வேணாம். வலி அடங்குற அளவுக்கு மட்டும் பீச்சி விடுங்க. முழுசா எடுத்தா, பிள்ளை இன்னும் குடிக்குதுன்னு நினைச்சு உடம்பு ஊற வைக்கும். குளிர்ந்த துணி வைங்க. சிவந்து காய்ச்சல் வந்தா யோசிக்காம ஓடி வாங்க."

பிறகு, "பிள்ளைக்கு எத்தனை மாசம்? என்ன பேரு?" என்றார். என் பிள்ளை இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, மேலே கேட்கவில்லை.

முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து உள்ளே வைக்கலாம், சிலருக்குக் கேட்கும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு முழுக் கோசு வாங்கி வந்து, இரண்டு இலையை உரித்துக் கொடுத்துவிட்டு, "மிச்சத்தைச் சமைச்சிடலாமா, இல்ல அதுவும் மருந்தா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. மனிதர் நிஜமாகவே கேட்கிறார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஜூன் 7, சனி

ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டுக் காது பக்கம் சரிசெய்துகொண்டிருந்தேன். "ஆஹா, இப்பத்தான் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்றார். அடுத்த நொடி பார்வையைத் தன் செருப்புக்குத் தாழ்த்திக்கொண்டார். குனிந்து பார்த்தேன். சட்டையில் இரண்டு வட்டமாக ஈரம். குட்டான் குடிக்கிற நேரம். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பின்னறைக்குப் போய் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து பில் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா குடிக்கிறான், நல்லா தூங்குறான்" என்றாள். பின்னால் அவன் அழுகிற சத்தம். பசி அழுகை. அது எனக்குத் தெரியாதா?

"வைக்கிறேன்டி, பால் கொதிக்குது."

இவர் குளிர்ந்த துணியைப் பிழிந்து கொடுத்தார். "அழுதுடேன், பாரம் குறையும்." வரவில்லை. பால் மட்டும் வருகிறது. மீதி எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா வந்தாள். தனியாக. நான் குளியலறைத் தொட்டிமேல் குனிந்து பீச்சிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தவில்லை. வந்து நின்றுவிட்டாள்.

"கொட்டுறியா?"

"வேற என்ன பண்ண?"

அவள் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

"அவன் குடிக்க மாட்டேங்கிறான்டி. பொய் சொன்னேன். மாமா கொடுத்தா ரெண்டு வாய் குடிக்கிறான். நான் கொடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான். என் சட்டையப் புடிச்சு மோந்து பார்த்துட்டு அழறான்."

நான் சட்டையை இழுத்து மூடினேன்.

"ரொம்ப வலிக்குதா உனக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"எனக்கு மாத்திரை கொடுத்து நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கும்போதே எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. எனக்கு வலிக்கக்கூட இல்லடி."

என் வாய் தானாகச் சொன்னது: "கொண்டு வா அக்கா. ஒரு தடவை கொடுக்கிறேன். வயிறாவது நிறையட்டும்."

சொன்னதும் இரண்டு பக்கமும் பால் சுரீரென்று இறங்கியது. அவளும் பார்த்தாள். ஈரத் தரையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் சரி என்றிருந்தால், அவனைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை.

"வேணாம்" என்றாள். "உன் சட்டை ஒண்ணு குடு. துவைக்காதது."

போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தேன். சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள், அதுவே பிள்ளை போல.

ஜூன் 11, புதன்

மதியம் போன். "உன் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். குடிச்சிட்டான்டி! ஒரு பாட்டில் முழுசும்! என் மடியிலயே தூங்கிட்டான்!" அழுதுகொண்டே சிரித்தாள்.

நல்லது அக்கா என்றேன். இயந்திரத்திடம் திரும்பி வந்து ஒரு லென்ஸை அளவு தப்பித் தேய்த்துவிட்டேன். சட்டத்துக்குள் நிற்காமல் விழுந்தது. முதலாளி திட்டினார். திட்டட்டும்.

ஜூன் 14, சனி

இன்று ஒரே தடவைதான் பீச்சினேன். அக்குள் பக்கம் ஒரு கட்டி. சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. செவிலியர் தொட்டுப் பார்த்து, "கரைஞ்சிடும். நீவி விடுங்க, மெதுவா" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

குளிக்கும்போது வாலு என் மார்பை விரலால் குத்திப் பார்த்தாள். "அம்மா, பலூன் காத்து போயிடுச்சா?"

போயிடுச்சு என்றேன்.

ஜூலை 9, புதன்

அழுத்தினால் ஒரு சொட்டு. சில நாள் அதுவும் இல்லை. குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்காவே கூப்பிட்டாள், வாலுவையும் அழைத்துக்கொண்டு போனேன். குட்டான் தவழ்கிறான். என்னைப் பார்த்தான், வாசலில் பால் போடுகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ தினமும் செய்கிற காரியம்போல, அவனைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். "புடிடி, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடுறேன். காலையிலேர்ந்து குளிக்க விடல இவன்."

கதவு சாத்தியதும் வீறிட்டான். இரண்டு கையையும் கதவுப் பக்கம் நீட்டி, உடம்பை வில்லாக வளைத்து. கனம் கூடியிருக்கிறான். என் உடம்பு எந்த மறுமொழியும் சொல்லவில்லை. சட்டை காய்ந்தே இருந்தது.

கதவருகே போய் நின்று, தண்ணீர் விழும் சத்தம் அவனுக்குக் கேட்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"அழாதடா. அம்மா உள்ளதான் இருக்கா. இதோ, இப்ப வந்துடுவா அம்மா."