நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

என் செல்ல அம்மாவுக்கு,

பெஹாலாவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். வழக்கம்போல நம் வாசலை அடைத்துக்கொண்டு. இந்த வருஷம் திட்ட ஆள் இல்லை.

கல்லீரல் புற்றுக்கு அந்த மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் வாரம் உன் உள்ளங்கால் உரிந்தது. விரல்களிலும் கொப்புளம். டம்ளரை மணிக்கட்டுகளால் தூக்கிக் குடித்தாய். "பாம்புகூட இவ்வளவு சுத்தமா சட்டை உரிக்காதுடி" என்றாய். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

அதெல்லாம் தெரிந்ததுதான். டாக்டர் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் உன் வங்காளம் காய்கறிக் கடை வரைதான். தோல் உரியும், பிரஷர் ஏறும், வயிற்றாலே போகும். அப்பா அப்போது கீழே மருந்து வரிசையில் நின்றார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். உள்ளே ரத்தம் கசியலாம், மலம் கறுத்தால் அன்றைக்கே வர வேண்டும். டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். நானே கவனித்துக்கொள்ளலாம் என்றும்.

"புஜேச்சேன், மாஷிமா?" புரிந்ததா அம்மா என்று உன்னைக் கேட்டார். நீ முந்திக்கொண்டு "புஜேச்சி" என்றாய். புரிந்தது.

மூன்று நாள் கறுப்பாகப் போயிருக்கிறது. நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தாய். ஆம்புலன்ஸில்தான் சொன்னாய். "கரியாஹாட் மார்க்கெட் கீரைதான் காரணம்னு இருந்துட்டேன்டி."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் நீ இல்லை.

முதல் நாளே போயிருந்தால்? டாக்டரைக் கேட்கத் தைரியமில்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதியிருக்கிறார். துறைமுக ஆபீஸில் எழுதிப் பழகிய ஆங்கிலத்தில், பத்திக்கு எண் போட்டு. டாக்டர் எச்சரிக்கவே இல்லை என்பது இரண்டாவது பத்தி. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேனே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நேற்று என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார். ஒரு காற்புள்ளி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நாளைக் காலை தபாலில் சேர்க்கப்போகிறார். அதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவேன், அம்மா. இன்று அவருக்கு நான் ஒருத்திதான். சொன்ன பிறகு அவருக்கு நானும் இல்லாமல் போகலாம். இருந்தாலும் சொல்வேன். டாக்டர் சொன்ன அத்தனையையும், இந்தத் தடவை எதையும் விடாமல்.

டாக்டருக்கு எதிரே உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த,
உன் மகள்