உன் பக்கத்து இலைச்சருகு

பிரியமானவளே,

முதலில் வீட்டுச் செய்தி. பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான், கணக்கில் பள்ளிக்கே முதல். என் நடு மகன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான். சின்னப் பேத்தி பாட்டுப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கி வந்தாள். அந்தக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாதா கோயிலில் மாலை ஆறு மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் என் கொல்லையில் இரட்டைச் சீழ்க்கை. உன் ஆறுமணிக்குருவி!

"ஏய், வந்து பாருடி" என்று சுவரோரம் போய்க் கத்தத்தான் வாய் திறந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆனது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அது முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? யுத்த காலத்து ஐப்பசி மழை. பச்சை முதுகும் நீல இறக்கையுமாக ஒன்று உன் பாதாம் மரத்தடியில் பொத்தென்று விழுந்தது. காக்கைகள் சூழ்ந்துகொண்டன. நான் இந்தப் பக்கம் நின்று கூச்சல் போட்டேன். நீ முந்தானையால் அள்ளிக் கூடைக்குள் கவிழ்த்தாய்.

"இன்னாத்துக்குடி கத்தறே? வடக்கேர்ந்து பறந்து வந்து களைச்சுப் போய்க் கீது. சாயங்காலம் வரைக்கும் இருட்டுல கெடக்கட்டும்."

பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் உன் கொல்லைக்கே வந்தது. நடுவில் ஒற்றைச் சுவர். மரத்தில் பாதி என் பக்கம்தான் சாய்ந்திருந்தது. இருந்தும் எனக்குக் காக்கையும் சிட்டுக்குருவியும்தான். ரேஷன் அரிசியைக்கூட வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இறைத்துப் பார்த்தேன். உன் குருவி திரும்பியும் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது.

"என் பக்கம் ஏண்டி வரமாட்டேங்குது?"

"தெனம் மண்ணு தெரியப் பெருக்கினா எப்படி வரும்? இலைக்கு அடியிலதான் அதுக்குப் பூச்சி கீது. நீ தட்டை வழிச்சு வெச்சிட்டு விருந்துக்குக் கூப்பிடறே."

"ஆமா, சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு!"

விடியற்காலையில் பெருக்கிச் சாணம் தெளிக்காத வீடு ஒரு வீடா? அப்படித்தான் நான் வளர்ந்தேன்.

உன் கடைசி ஐப்பசியில் மகள் பிரசவத்துக்கு அடையாறு போனாய். கொல்லைச் சாவியை என்னிடம் தந்து, "குருவிக்குச் சட்டியில தண்ணி மட்டும் ஊத்து. வேற எதையும் தொடாதே" என்றாய். இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் மாலை உன் பக்கத்திலிருந்து சீழ்க்கை கேட்டது. மறுநாள் காலை துடைப்பத்தோடு போனேன். ஒரு சருகு விடாமல் கூட்டிக் குவித்துக் கொளுத்தினேன். உதவி செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உதவியா அது? பொறாமை. நீ இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து கொல்லை வாசலில் வெகுநேரம் நின்றாய்.

"ரொம்ப சுத்தமா கீதுடி" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த வருடம் அதன்பின் இரண்டு பக்கமும் சீழ்க்கை இல்லை. அடுத்த ஐப்பசிக்கு நீயே இல்லை.

அன்றிலிருந்து நான் பெருக்குவதில்லை. மருமகள், "அத்தே, பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்கிறாள். சொல்லட்டும். அவள் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன். உன் சட்டியும் இப்போது என்னிடம்தான். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன்.

இன்று வந்ததே, என்ன செய்தது தெரியுமா? என் சருகைப் புரட்டித் தின்றது, உன் சட்டியில் குடித்தது, சுவர்மேல் ஏறி உட்கார்ந்து உன் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே புதுக் குடித்தனக்காரர்கள் தினம் பெருக்குகிறார்கள். ஒரு சருகு இல்லை. அப்படியும் அங்கேதான் பார்வை! எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. கண்ணும் எரிந்தது.

உன் மகளும் அடையாற்று வீட்டில் சருகைக் கூட்டுவதில்லையாம். அவளுக்கும் இன்றே கார்டு எழுதிவிட்டேன்: "குழந்தையோடு கொல்லையில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. காலடியில் எவ்வளவு இலை கிடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."