ஐந்து மாடிக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வீட்டை வாங்கலாமா கூடாதா என்று ஒற்றைச் சொல்லில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக மண்ணின் அதிர்வை அளக்கிறேன். கையில் இருப்பதெல்லாம் வரைகோடுகள்.

அக்கா பார்த்திருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சி வீடு. கல்யாணமானதிலிருந்து இருட்டு வீடுகளிலேயே இருந்தவள். இங்கே எல்லா அறையிலும் வெயில்.

"ஒரே ஊரு, ஒரே நிலநடுக்கம். இதுல என்னடி இந்தத் தெரு, அந்தத் தெரு?"

பாறைமேல் இருக்கும் வீடு உதறிவிட்டு நின்றுவிடும். ஆழமான களிமண் அந்த உதறலைப் பெரிதாக்கி நீட்டும். மண்ணும் கட்டடமும் ஒரே வேகத்தில் ஆடினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஆகிவிடும் என்றேன்.

"சரி, வாங்கலாமா வேண்டாமா?"

மார்ச் 6, வியாழன்

கட்டட வாசலில் கருவியை வைத்து அளந்தேன். மண்ணின் இயல்பான ஆட்டம் நொடிக்கு இரண்டு தடவை; வரைகோட்டில் அங்கேதான் மேடு. ஐந்து மாடிக்கும் ஏறக்குறைய அதுவே. அந்த இடம் முன்பு ஏரி என்று கேள்வி. ஏரி என்றால் அடியில் களிமண். பொருந்துகிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். "நீ சொன்னா சரி" என்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை.

மார்ச் 8, சனி

மாமா போன் செய்தார். "உங்க அக்கா ரெண்டு நாளா என்கூட சண்டையே போடலம்மா. பயமா இருக்கு."

உறுத்தியது. வியாழனன்று அளந்த வரைகோட்டை மறுபடி எடுத்தேன். அன்று நெளிவுகளை நிரவிய பிறகுதான் பார்த்திருக்கிறேன். நிரவாமல் பார்த்தால் அது மேடே இல்லை — ஊசிபோல ஒரு கூர்முனை. மண்ணின் ஆட்டம் அகலமான மேடாகத்தான் வரும். ஊசியாக வருவது எந்திரம். மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவது இது. ஏரி என்று யாரோ சொன்னதும் ஏரியையே பார்த்திருக்கிறேன். எதையும் நம்பாதவளாம் நான். மண்டு.

மார்ச் 9, ஞாயிறு

பின்தெருவில் ஓர் அச்சகம் இருக்கிறது. இன்று விடுமுறை, எந்திரம் ஓடவில்லை. மறுபடி அளந்தேன். ஊசி இல்லை. உண்மையான மேடு வேகமான பக்கம் வெகுவாகத் தள்ளி நிற்கிறது: அப்படியென்றால் அடியில் கொஞ்சம் சரளை, உடனே பாறை. ஐந்து மாடியின் ஆட்டத்தோடு சேரவே சேராது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பூமிக்கு ஜுரமா?"

"இல்ல, எனக்குத்தான்."

நாளை அக்காவிடம் சொல்ல வேண்டும். வீடு இதற்குள் கைமாறியிருந்தால்?

மார்ச் 10, திங்கள்

சொன்னேன்.

"அப்ப நீயும் தப்பு பண்ணுவியாடி?" முகத்தில் அத்தனை சந்தோஷம். மாமாவைக் கூப்பிட்டு, அவர் எதிரில் இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.

வீடு கைமாறவில்லை. உடனே அடுத்த கேள்வி: "மண்ணு சரி. கட்டடத்தை ஒழுங்கா கட்டியிருக்கானா?"

"அது என் துறை இல்லக்கா."

"அப்ப யாரு துறையோ, அவங்களைக் கூட்டிட்டு வா."

கட்டடப் பொறியாளரான என் தோழி புதன்கிழமை தூண்களைப் பார்க்க வருகிறாள். அதுவரை பொறுக்க அக்காவால் முடியவில்லை. மாலையே சாவி வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஜன்னல்களுக்குத் திரை அளக்க ஆரம்பித்துவிட்டாள். நாடாவின் மறுமுனை என்னிடம்.

"ஆடாம பிடி" என்றாள்.