பெயரை மாற்றிய ஜெர்மன் குடும்பம்

12 அக்டோபர் 1986, ஐசலின், அமெரிக்கா

டிவியில் பேசிய ஜெர்மன் கட்சித் தலைவரின் தாத்தா போலந்துக்காரராம். ஜெர்மனியில் குடியேறியதும் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டாராம். பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் வருத்தப்பட்டார். நான் விடுவேனா? கவர்னரே கெஞ்சியும் என் தாத்தா பெயரை மாற்றவில்லை என்று அளந்தேன். கவர்னர் எங்கள் ஊர்ப்பக்கமே வந்ததில்லை.

சாப்பிடும்போது மகனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் தலை நிமிரவில்லை.

"அப்பா, சிட்டிசன்ஷிப் வாங்கறப்போ நானும் லாஸ்ட் நேமை சேஞ்ச் பண்ணிட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் அது வாயில வரலப்பா."

நம் வழக்கப்படி அவனுக்குக் கடைசிப் பெயர் என் பெயர்தான்.

"அதனாலென்னடா, நல்லதுதான்" என்று சொல்லி, இன்னொரு தோசை கேட்டு வாங்கினேன்.

இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வைத்தியநாதன். அவ்வளவு கஷ்டமாகவா இருக்கிறது?