முதுகு காட்டி நிற்கும் அப்பாவுக்கு

என் பிரியமுள்ள வாழைக்கடை அப்பா,

"அச்சில வந்தா ஊரே படிக்கப் போவுது, 'நீங்க'ன்னு மரியாதையா எழுதுக்கா" என்று தம்பி சொன்னான். உன்னை நான் என்றைக்கு நீங்க என்றேன்? சொல்லியிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய். அதனால் இங்கேயும் நீ என்றே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. தம்பி தட்டாஞ்சாவடியில் அதே லேத் பட்டறையில்தான் இருக்கிறான். சாரத்தில் நம் வீட்டு மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது. பாண்டி பெரிய மார்க்கெட் கடையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். நீ உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த பலகை, எனக்குக் கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடையில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். உனக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அப்போதெல்லாம் நீ அங்கேதான் நின்றுகொண்டிருந்தாய்.

தினமும் காலையில், மீன் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம் அடங்குகிற நேரத்துக்கு, என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். முதல் தடவை, மூட்டை தூக்குகிறவர் யாரோ என்று நினைத்து, "அந்தப் பக்கமா போங்கண்ணே, இங்க வழி இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. கயிற்றில் தொங்கிய வாழைத்தார் ஒன்று மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நம் மார்க்கெட்டுக்குள் காற்று என்றைக்கு வந்திருக்கிறது?

பிறகு ஒரு நாள் தராசின் எவர்சில்வர் தட்டைத் துடைத்து வைத்தேன். அதில் என் முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் ஒரு பச்சைத் துண்டும், வழுக்கை விழுந்த பின்னந்தலையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

பிரமைதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்த சொல்தா வருவாரே, ரஸ்தாலி மட்டும் வாங்குகிறவர், அவர் ஒரு நாள் என் தோளுக்கு மேலே பார்த்து, "போன்ழூர் சவரி" என்று உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். பழத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அவருக்குக் கண்ணில் புரை என்பது எனக்கும் தெரியும். மறுநாளும் அதையே சொன்னார், அதே இடத்தைப் பார்த்து.

பயந்தேனா? உன்னைப் பார்த்தா? பல்லி கத்தினால் சிலுவை போட்டுக்கொள்கிற ஆள் நீ. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையில் கடை திறக்க ஓடி ஓடி வந்தேன். நீ ஏன் முகத்தைத் திருப்பவே இல்லை என்பது ஒன்றுதான் உறுத்தியது.

அதற்கான பதில் பவளத்திடம் இருந்தது. படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், பவளம் ஒரு யானை. வெளியூர்க்காரர் ஒருவர் வைத்திருந்தார். காலில் சங்கிலியோடு தார் ரோட்டில் கடை கடையாக நடத்திக்கொண்டு வருவார்கள். தும்பிக்கையைத் தலையில் வைத்தால் ஆசீர்வாதம் என்று சனங்கள் குனிந்து நிற்பார்கள். மார்க்கெட் வாசல் வழியாக அவள் வருகிற நேரமும், ஐஸ் சத்தம் அடங்குகிற நேரமும் ஒன்று.

நீ மட்டும் குனியவே மாட்டாய். ஒரு சீப்புப் பூவனைத் தோள்மேல் வைத்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பாய். அவள் பின்னாலிருந்து தும்பிக்கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். "என்னாப்பா இது கூத்து?" என்று சின்ன வயசில் கேட்டேன். "மூஞ்சப் பார்த்துக் குடுத்தா அது பிச்சைம்மா. நாம திரும்பிக்கினா, அவளே எடுத்துக்கினா மாதிரி" என்றாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. யானைக்கு என்ன மானம் என்று சிரித்தேன்.

பிறகு அதிகாரிகள் லாரியோடு வந்தார்கள். அவள் கால் புண்ணைப் பார்த்து, மீட்ட யானைகளை வைத்துக் காப்பாற்றுகிற இடம் ஒன்றுக்கு, மலையடிவாரத்துக்கு, கொண்டுபோனார்கள். ஊரோட லட்சுமியே போகுது என்று மார்க்கெட்டே சத்தம் போட்டது. நீ மட்டும், "போவட்டும்டா, தார் ரோட்ல எத்தினி நாளு நடப்பா" என்றாய். மறுநாள் காலையில் அதே நேரத்துக்குச் சீப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் எடுத்துப் பழையபடி மாட்டிவிட்டாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தப் புதுப் பழக்கம் வந்தது. "தோப்பு பார்க்கப் போறேன்" என்று கிளம்பிவிடுவாய். தார் வெட்டுவதற்கு முன்னாலேயே தோப்பைப் பார்த்து விலை பேசுவது வியாபாரத்தில் உள்ளதுதான். ஆனால் நீ ஒரு தோப்பையும் பேசி முடித்ததில்லை. "போறாரு வராரு, ஒரு தாருக்கும் வழியக் காணோம்" என்று அம்மா கத்துவாள். நீ கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவாய்.

மாம்பழம் வந்து குவிந்து வாழைப்பழம் தேங்கிக் கிடந்த நாட்களில், ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டாய். உப்பளத்துக் கல்லறையில் சாமியார் செபம் முடித்ததும் எல்லோரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். நானும் அள்ளினேன். கை திறக்கவில்லை, அப்பா. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கவே, மூடிய கையோடு நகர்ந்துவிட்டேன். அந்த மண்ணை ஒரு கைக்குட்டையில் முடிந்து, கடையில் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அத்தை ஒரு நாள் கடைக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். உன் தங்கைக்குக் கண் எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா. "அடிப்பாவி, போட வேண்டிய மண்ண முடிஞ்சி வச்சிக்கினு இருக்கியே, எங்க அண்ணன் எப்பிடிடி போவும்?" என்று அங்கேயே அழுதாள். "போக வேணாம்னுதான் வச்சிருக்கேன், அத்தை" என்று சொல்ல வந்தேன். முடிச்சைப் படத்துக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

அன்று முழுக்க யோசித்தேன். நீ வருகிற நேரம் பவளம் வருகிற நேரம். நீ நிற்பது, அவளுக்குப் பழம் கொடுக்க நிற்பது போல. அப்படியென்றால் நீ என்னைப் பார்க்க வரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண் ஒருத்தி முழுசாக உட்கார்ந்து பழம் விற்கிறாள், நீ யானைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாயா? கோபம் தணிந்ததும் வேறொன்று உறைத்தது. அவள் இனி இந்த வழியாக வரப்போவதில்லை. நான் மண்ணையும் போடாமல் வைத்திருந்தால், நீ எத்தனை காலம் தோளைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்பாய்?

பவளத்திடமே போய் நீ இறந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "யானகிட்ட போயி என்னான்னு சொல்லுவ? எங்கப்பா தவறிட்டாரு, முப்பதாம் நாளு பூசையும் முடிஞ்சிடுச்சின்னா?" என்று தம்பி சிரித்தான். எனக்கும் தெரியவில்லை. யானைக்கு எப்படி, அப்பா, சாவு சொல்வது? கைக்குட்டை முடிச்சையும் ஒரு சீப்புப் பூவனையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

அங்கே பழத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். செல்வி என்று ஒரு பெண், வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள், முகத்தில் சிரிப்பே இல்லை. "பழம் குடுக்கக் கூடாது, தொடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதுங்களா வந்தா வரும். வரலைன்னா பார்க்காமலே போக வேண்டியதுதான்" என்றாள். சவாரி இல்லை, ஆசீர்வாதம் இல்லை, சங்கிலி இல்லை. மரமும் குட்டையும் செம்மண்ணும்தான். உனக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலி ஓரமாக நடந்தபோது ஓரிடத்தில் செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இதை மிதிக்காதீங்க." வேலிக்கு வெளியே, நாங்கள் நடக்கிற பக்கத்தில், ஒரு மேடு இருந்தது. செம்மண்ணும் சருகும் ஒடித்த கிளைகளும் போட்டு மூடிய மேடு. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்.

"பவளம் போடுறது. உள்ளேருந்து தும்பிக்கையால வீசும். நாங்க கிளறியும் பார்த்துட்டோம், அடியில ஒண்ணும் இல்ல. கூட்டித் தள்ளினா மறுநாள் திரும்பப் போட்டு மூடிடுது. அப்புறம் விட்டுட்டோம்."

"எப்பலேருந்து?"

"மாம்பழ சீசன்லேருந்து."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

அவளே மேலும் சொன்னாள். "இந்த எடத்துல ஒருத்தர் வந்து நிப்பாரு. பாண்டிக்காரர். பச்சைத் துண்டு போட்டிருப்பாரு. யானைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரு. செல்ஃபி எடுக்கிறவங்கதான் அப்படி நிப்பாங்க, நானும் மொத நாள் நல்லா கத்திவிட்டேன். பார்த்தா கையில போனே இல்ல. சும்மா நிப்பாரு. பவளம் எங்கேருந்தாலும் வந்து பின்னால நிக்கும். ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிடுவாரு. இப்பல்லாம் வர்றதில்ல."

நீ பார்த்த தோப்பு எது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா அத்தனை கத்தியும் வாயைத் திறந்தாயா நீ? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது எனக்கு. "அவர் எங்கப்பா" என்றேன். அவர் இப்போது உயிரோடு இல்லை என்பதையும் சொன்னேன். செல்வி மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

கைக்குட்டையை அவிழ்த்து உப்பளத்து மண்ணைக் கையில் எடுத்தேன். சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்று நின்றேன். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் பவளம். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகு நொறுங்கிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கால் புண் ஆறித் தோல் மூடியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பா. சொல்தா பார்ப்பாரே, அதே போல என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பிடரியில் மூச்சு பட்டது. யானை எனக்கு எதிரே நின்றது. மூச்சு பின்னாலிருந்து வந்தது.

பவளம் தும்பிக்கையை வேலிக்கு மேலே நீட்டினாள். என்னைத் தாண்டி, ஒரு மனிதனுடைய தோள் உயரத்துக்கு இறக்கினாள். அங்கே இல்லாத ஒன்றை, நுனியால் மெதுவாகச் சுருட்டி எடுத்தாள். எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மென்றாள். மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

செல்வி ஓடி வந்தாள். "என்னங்க குடுத்தீங்க? வாசல்லயே சொன்னேன்ல, பழம் குடுக்கக் கூடாதுன்னு! கையில என்ன இருக்கு? கையைத் திறங்க!"

"நான் ஒண்ணும் குடுக்கலம்மா" என்று கையை விரித்துக் காட்டினேன்.

விரித்த பிறகுதான் கை திறந்துவிட்டதே எனக்குத் தெரிந்தது. கல்லறையில் அத்தனை செபத்துக்கும் திறக்காத கை, ஒரு சின்னப் பெண் அதட்டியதற்குத் திறந்துவிட்டது. மண் முழுதும் மேட்டின்மேல் விழுந்தது. கடற்கரை மண், சிப்பித் தூளோடு, அந்தச் சிவப்பின்மேல் வெள்ளையாகத் தெரிந்தது. பவளம் காலால் கீறித் தும்பிக்கை நிறையச் செம்மண் எடுத்து அதன்மேல் போட்டாள். என் மண் மறைந்துவிட்டது. பின்னால் மூச்சு இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல், உனக்காக அன்றுதான் அழுதேன். செல்வி என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் கடை திறந்தேன். ஐஸ் சத்தம் அடங்கியது. தார்கள் ஆடவில்லை. தராசுத் தட்டில் நான் மட்டும் இருந்தேன். சொல்தா வந்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்து, "போன்ழூர் ரீட்டா" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

கடை கட்டும்போது கூட்டிப் பெருக்கினேன். என் பலகைக்குப் பின்னால், நீ நிற்கிற இடத்தில், கொஞ்சம் செம்மண் கிடந்தது, இரண்டு பாத அளவுக்கு. "உன் செருப்புல ஒட்டி வந்திருக்கும்க்கா" என்கிறான் தம்பி. பவளத்தைப் பார்க்கப் போட்டுப்போன செருப்பை நான் சாரத்து வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டு, வேறு செருப்பில்தான் கடைக்கு வந்தேன். சொல்லிக்கொண்டு போக வந்தாயா, அப்பா? ஒரு முறையாவது என் பக்கம் திரும்பி நின்றாயா?

அந்த மண்ணை முழுசாகக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டேன். இந்தத் தடவை ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ நின்ற இடத்தில் இனி யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். மாம்பழ சீசன் வந்து நம் வியாபாரம் படுக்கிறபோதெல்லாம் பவளத்திடம் போவேன். வெறுங்கையோடு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உனக்காகக் கொஞ்ச நேரம் நிற்பேன். அம்மா எங்கே போகிறாய் என்று கேட்டால், தோப்பு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் மூத்த பெண்,
இப்போது உன் பலகையில் உட்காருகிறவள்,
ரீட்டா